திரையில் விழித்தவன்

பெரியவனுக்கு,

உன் கல்யாண அழைப்பிதழ் கிடைத்தது. விசாவுக்கான கடிதமும், விமானத்தில் முழங்காலுக்கு வசதியான இருக்கை போட்டிருக்கிறாய் என்ற செய்தியும் கிடைத்தன. நான் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. வர மனமில்லை, அதனால் வரவில்லை. பெற்ற தாய் இப்படி எழுதலாமா என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். கல்யாணம் செய்யப்போகிற பிள்ளைக்கு அம்மா நாலு நல்ல புத்தி சொல்வதுதான் வழக்கம். எனக்கும் சொல்ல இருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன், வரிசையாக வாசி. சின்ன வயதிலிருந்தே நீ எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாய். இதை அப்படி வாசிக்காதே. நான் எந்த வரிசையில் பட்டேனோ அதே வரிசையில் நீயும் படு.

விஷயம் உன் தம்பி ரூபனைப் பற்றியது. உனக்குத் தெரிந்ததைத்தான் முதலில் எழுதுகிறேன். தெரிந்ததை நீ எப்படித் தெரிந்து வைத்திருக்கிறாய் என்பதில் எனக்கு இப்போது சந்தேகம். அவன் பெரியகல்லாற்றில் நிறோசாவைக் கட்டி, எங்கள் பக்கத்து வழக்கப்படி அவள் வீட்டோடு போய் இருந்தான். மாமனார் வாவியோரமாகக் கொடுத்த துண்டு நிலத்தில் படகு எஞ்சின் திருத்தும் கடை போட்டான். வேலை முடிந்தால் கரையில் கட்டிக் கிடக்கிற தோணிக்குள் மல்லாந்து படுத்துக்கொள்வான். "என்ன யோசிக்கிறீங்க?" என்று நிறோசா கேட்டால், "ஒண்டுமில்ல புள்ள, சும்மா" என்பான். நீ ஒருமுறை லீவில் வந்தபோது அதைப் பார்த்து, இவன் உருப்படமாட்டான் என்றாய். பிறகு ஒரு நாள் பொழுதுபடும் நேரம், கல்முனை றோட்டில் படுத்திருந்த மாட்டில் மோட்டார் சைக்கிளை மோதினான். அன்றிலிருந்து அவன் கண் திறப்பான், மூச்சு விடுவான், கொட்டாவிகூட விடுவான். ஆனால் யாரையும் பார்க்கமாட்டான். மூக்கால் குழாய் போட்டுப் பால் கொடுத்து, வேளாவேளைக்குப் புரட்டிப் படுக்கவைத்து அவனைப் பார்த்தவள் நிறோசா.

சென்ற வருடம் இரண்டாவது தடவையாக நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து, மூச்சு மிசினில் போட்டு, தொண்டையில் துளை போட்டு அவனை மீட்டு எடுத்தார்கள். அதன் பிறகு வார்டில் இருந்த சின்ன வயது டாக்டர் பிள்ளை நிறோசாவைக் கூப்பிட்டாள். நானும் பக்கத்தில் நின்றேன். "அக்கா, இது திருப்பியும் வரும். வந்தா மிசினில போடுறதா, இல்ல நோவில்லாம மருந்து குடுத்து அவர் பாட்டில விடுறதா எண்டு நீங்கதான் சொல்லணும். வீட்டில கதைச்சு வைங்க" என்றாள். நிறோசா ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. "மிசினில போடுங்க டொக்டர். அவர் முழிப்பார். அத்தான் கம்பியூட்டரில காட்டினவர்" என்றாள். டாக்டர் பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். அந்த அத்தான் என் மூத்த மகன்தான் என்று நான் உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு பதிலைப் பற்றியதுதான். நிறோசா என்ன சொல்கிறாளோ அதுதான் நடக்கும். அவள் என்ன சொல்வாள் என்பது உன் வாயில் இருந்தது.

பெருமை என்று எழுதினேன் அல்லவா? நான் இந்தத் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தவள். பக்கத்து வீட்டு ரீட்டா, "மகன் என்ன அக்கா ஆராய்ச்சி?" என்று கேட்டாள். "சும்மா இரிக்கிற மூளை எப்படி ஒழுங்குபட்டிரிக்கி எண்டு கம்பியூட்டரில கணக்குப் போட்டுப் பாக்கிற" என்றேன். "அதுக்கு ஏன் வெளிநாடு போவான்? இந்தா, எங்கட வீட்டில ஒராள் சாய்மனைக் கதிரையில கிடக்கார், வந்து பாக்கச் சொல்லுங்க" என்று புருஷனைக் காட்டிச் சிரித்தாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. நீ எனக்கு விளக்கிச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். நாம் சும்மா இருக்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை, தூரத் தூர இருக்கிற பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்கும், எது எதனோடு சேர்கிறது என்று பார்த்தால் உள்ளே இருக்கிற ஒழுங்கு தெரியும் என்றேன். ரீட்டா வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

விபத்துக்கு அடுத்த வருடம் நீ வந்து, ரூபனை வேனில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோய் மூளையைப் படம் எடுக்க ஏற்பாடு செய்தாய். அவன் ஆடினால் படம் பழுதாகிவிடும், யாராவது உள்ளே நின்று காலைப் பிடிக்க வேண்டும் என்றார்கள். நிறோசா முன்னுக்கு வந்தாள். உலோகம் ஒன்றும் உள்ளே போகக்கூடாது என்றதும் அவள் கை கழுத்துக்குப் போனது. புருஷன் உயிரோடு கிடக்கத் தாலியைக் கழற்றுவதா என்று நான் பதறினேன். "அவருக்காகத்தானே மாமி" என்று கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். அந்த மிசின் போடுகிற சத்தத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவன் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நீயும் உள்ளே போய்ப் படுத்தாய். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மூளை ஒன்று வேண்டும், அண்ணன் தம்பி என்றால் இன்னும் நல்லது என்று சொன்னாய். கண்ணைத் திறந்தபடி, ஒன்றையும் யோசிக்காமல், நித்திரையும் கொள்ளாமல் கிடக்கச் சொன்னார்களாம். வெளியே வந்து, "அம்மா, சும்மா கிடக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு இப்பதான் தெரியுது" என்று சிரித்தாய். நிறோசா தாலியைத் திரும்பக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்து, நிறோசாவைக் கூப்பிடச் சொன்னாய். திரையில் ஒரு சதுரம், அதற்குள் சின்னச் சின்னக் கட்டங்கள், எல்லாம் மங்கல் நீலம். "இது ரூபன்ட மூளை. நான் கம்பியூட்டருக்குள்ள கட்டின மூளை" என்றாய். "ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சமன்பாடு. நரம்பு நார் எங்க எங்க போகுதோ அந்த வழியால அதுகளத் தொடுத்து விட்டிரிக்கன். மறுகா ஒரு இலக்கம் இரிக்கி. ஒரு பகுதி மத்தப் பகுதிக்கு எவ்வளவு காது குடுக்குது எண்டு அந்த இலக்கம் சொல்லும். ரூபனுக்கு அது நல்லாக் குறைஞ்சு கிடக்கு. இப்பப் பாருங்க." நீ எதையோ தட்டினாய். நீலக் கட்டங்கள் மஞ்சளாகிச் சிவப்பாகி, கோலம் போட்ட மாதிரிப் பிரிந்து நின்றன. "இதுதான் முழிச்சிரிக்கிற ஒராளின்ட மூளை. அந்த ஒரு இலக்கத்த ஏத்தினாப் போதும், ரூபன் முழிக்கிறான்." நிறோசா சிரித்துக்கொண்டே அழுதாள். "அந்த இலக்கத்த நெசமாவே எப்படி அத்தான் ஏத்துற?" என்று கேட்டாள். "அதுக்குத்தானே ஆராய்ச்சி. கொஞ்சம் பொறுங்க" என்றாய். அவள் அந்தப் படத்தை அச்செடுத்து, சட்டம் போட்டு, அவன் தலைமாட்டில் மாட்டினாள்.

நீ பொறுக்கச் சொன்ன அந்தக் கொஞ்சம் எப்படி இருந்தது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். தொண்டைத் துளைக்குள் குழாய் விட்டுச் சளி இழுக்கும்போது உன் தம்பியின் முகம் கோணும், உடம்பு வில்லாக வளையும், கண்ணால் தண்ணீர் ஓடும். அது நோவு இல்லை, உடம்பு தானாகச் செய்கிற காரியம் என்று டாக்டர் பிள்ளை சொன்னாள். சொல்லிவிட்டுத் தானும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதுகில் படுக்கைப் புண். அதைக் கழுவும்போது வருகிற நாற்றத்தில் நான் இரண்டு தரம் வெளியே ஓடியிருக்கிறேன். நிறோசா ஓடவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்தான், அத்தான் அங்க வேலை செய்றார்" என்று அவன் காதில் சொல்லிக்கொண்டே கழுவுவாள். அவளுக்கு முப்பது வயது தாண்டி அதிக காலமில்லை. அவள் அப்பா ஒரு நாள் என்னிடம், "சம்மந்தி, இவள் இப்படியே போயிருவாளா?" என்று கேட்டார். நான் தலைமாட்டில் சட்டம் போட்டிருந்த அந்தப் படத்தைக் கைகாட்டினேன். அவரும் நம்பினார்.

இந்த வருடம் தொடக்கத்தில், நீ ஒரு பெரிய மாநாட்டில் பேசிய வீடியோவை அனுப்பி, எல்லாருமாகப் பாருங்கள் என்றாய். பெரியகல்லாற்றில் ஒரு கல்யாணவீட்டுக் கோலம். நிறோசா நல்ல சேலை உடுத்தியிருந்தாள். அவனும் பார்க்கட்டும் என்று ரூபனைக் கட்டிலோடு விறாந்தைக்கு இழுத்து, டிவிக்கு முன்னால் தலையணை வைத்துச் சாய்த்தார்கள். நெருங்கின சொந்தக்காரர் எல்லாருக்கும் சோடா, ரோல்ஸ். கோட்டுப் போட்டு நீ மேடைக்கு வந்ததும் கை தட்டினோம். அந்த நீலச் சதுரம் வந்து சிவந்தபோது நிறோசாவின் அம்மா கும்பிட்டாள். அங்கே இங்கிலீஷ் விளங்கியது எனக்கு மட்டும்தான். காலம் முழுக்க அதைப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தது இதைக் கேட்கத்தானா? பேச்சு முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழும்பி, நோயாளியின் வலப்பக்கம் அவ்வளவு சிதைந்திருக்கிறதே, அந்தப் பக்கத்து நார்களின் படம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். கிடைக்கவில்லை என்றாய். இல்லாத இடங்களை ஒரு சகோதரனின் மூளையிலிருந்து எடுத்து நிரப்பினோம் என்றாய். பிறகு சிரித்துக்கொண்டு, "உண்மையில் அது என்னுடைய மூளை. ஆகவே இவர் விழித்தால் என்னைப்போல அதிகம் பேசுவார் என்று எச்சரிக்கிறேன்" என்றாய். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவர்கள் சிரிப்பதைப் பார்த்து இங்கே எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். நிறோசா ரூபனின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மாமி சொல்றார்?" என்று கேட்டாள். "ஏதோ பகிடி, புள்ள" என்றேன்.

அடுத்த நாள் நான் உன்னை அழைத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும். "அது வழக்கம் அம்மா. படம் பழுதாப் போனா ஆரோக்கியமான ஒராளின்டைய எடுத்து நிரப்புற. எல்லாரும் செய்றதுதான். கட்டுரையில ஒளிக்காம எழுதியிரிக்கன்" என்றாய். "நிறோசாவுக்கு எழுதினியா?" என்றேன். "அவக்கு விளங்காது அம்மா" என்றாய். சரி, எனக்கு விளங்கும்தானே என்று இன்னொன்று கேட்டேன். ரூபனிடம் மிஞ்சிக் கிடந்த நார்களை மட்டும் வைத்து அந்த இலக்கத்தை ஏற்றினால் என்ன வரும்? "முதல் அப்படித்தான் செஞ்சு பாத்த. எவ்வளவு ஏத்தினாலும் ஒண்டும் மாறல்ல" என்றாய். அடப் பாவி! உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைத் திரைக்கு முன் கூப்பிட்டு உட்காரவைத்தாய். "அப்ப ஏன்டா காட்டினாய்?" என்று கத்தினேன். "அவ நொந்துபோய் இரிந்தா. ஒரு நம்பிக்கை குடுப்பம் எண்டு பாத்த" என்றாய். உன் குரலில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நீ எப்போதும் இப்படித்தான். ஞாயிறு பாடசாலையில் சித்திரப் போட்டி வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ரூபன் வாவியைக் கீறினான். பாதித் தாளில் தண்ணீரும் ஒரு தோணியும், மீதித் தாளில் ஒன்றும் இல்லை. முடிந்துவிட்டது என்றான். நீ அவன் குளிக்கப் போன நேரம் அந்த வெள்ளை இடம் முழுக்கச் சூரியன், தென்னை, கொக்கு, பாலம் எல்லாம் கீறி வர்ணம் தீட்டினாய். முதல் பரிசு கிடைத்தது. பெயர் கூப்பிட்டபோது அவன் இருந்த வாங்கை விட்டு எழும்பவில்லை. "அது நான் கீறின இல்ல" என்றான். நீ மேடைக்கு ஓடிப்போய், தம்பிக்கு வெட்கம் என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்தாய். நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். தம்பிக்காக எவ்வளவு பாடுபடுகிறான் என்று உன் அப்பா சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணப் புத்தி சொல்ல இருக்கிறது என்றேனே, இதுதான் புத்தி. உன்னைக் கட்டப்போகிறவளுக்கு ஏதாவது இல்லாமல் இருந்தால் இல்லாமலே விடு. உன்னுடையதை எடுத்து நிரப்பாதே. உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். விளங்காது என்று மட்டும் ஒரு நாளும் சொல்லாதே.

நான் உனக்குத் தவணை கொடுத்தேன். நீயே நிறோசாவிடம் சொல்ல வேண்டும், உன் வாயால் கேட்டால்தான் அவள் நம்புவாள் என்று சொன்னேன். சொல்கிறேன் என்றாய். ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறேன் என்றாய். போன மாதம் டாக்டர் பிள்ளை திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டு அனுப்பினாள். இந்த முறை நிறோசாவுக்குக் கொஞ்சம் ஆட்டம் வந்துவிட்டது, ஏனென்றால் புண் எலும்புவரைக்கும் போய்விட்டது. அவளே உன்னை அழைத்தாள். போனை எனக்கும் கேட்கும்படி வைத்திருந்தாள். "அத்தான், எனக்கு ஒண்டும் ஓடல்ல. திருப்பியும் மிசினில போடச் சொல்லவா? அவர் கிடந்து படுற பாட்டப் பாக்க ஏலாம இரிக்கி. நீங்க சொல்றதுதான்" என்றாள். இதைவிட நேராக ஒருத்தி உன்னிடம் எப்படிக் கேட்பாள்? நீ தொண்டையைச் செருமினாய். "நம்பிக்கைய விட வேணாம் நிறோசா. விஞ்ஞானம் வேகமாப் போகுது" என்றாய். பிறகு, உனக்குக் கல்யாணம் சரிவந்த செய்தியைச் சொன்னாய். கூறைச்சேலை ஒன்று நல்ல அரக்குச் சிவப்பில் பார்த்து வாங்கி, அம்மாவிடம் கொடுத்துவிடச் சொன்னாய். "ஓம் அத்தான், கட்டாயம்" என்றாள். போனை வைத்துவிட்டு, "அத்தானுக்குக் கலியாணம் மாமி!" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள்.

சீ! அந்த நிமிடம் உன்மேல் எனக்கு வந்தது கோபம் இல்லை. வெறுப்பு. பெற்ற பிள்ளைமேல் அது வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்று பின்னேரம் அவள் ரூபனுக்குப் பால் விட்டுக்கொண்டிருக்கும்போது நான் சொன்னேன். கல்லாற்றுப் பிள்ளைக்குப் பாலத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. சுனாமியில் கடல் வந்தபோது பாலம் உடைந்து ஊர் துண்டுபட்டதைக் கண்டவள். "ரூபன்ட தலைக்குள்ள வலப்பக்கம் பாலமெல்லாம் உடைஞ்சு போச்சு புள்ள. பெரியவன் தன்ட தலைக்குள்ள இரிக்கிற பாலங்களக் கொண்டுவந்து அங்க போட்டிரிக்கான். போட்டுட்டுத்தான், இந்தா சனம் போகுது எண்டு உனக்குக் காட்டின" என்றேன். பால் குழாயை அவள் கை நசுக்கிப் பிடித்தது. "அப்ப அண்டைக்கு முழிச்ச ஆர் மாமி?" என்றாள். "ரூபன் இல்ல" என்றேன். "ரூபன்டைய மட்டும் வச்சா?" "ஒண்டும் வரல்லயாம்." அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "உங்களுக்கு எப்பயிரிந்து தெரியும்?" என்று கேட்டாள். டிவி பார்த்த நாளிலிருந்து என்றேன். "அப்ப அந்தப் பகிடி இதுதானா?" என்றாள். ஓம் என்றேன். "ஒழும்பிப் போங்க மாமி. என்ட வீட்ட விட்டுப் போங்க" என்றாள். போனேன். பஸ்சில் வரும்போது எனக்கு நேர்ந்தது சரிதான் என்று பட்டது.

ஒரு கிழமை, ஏழு நாளும் அவள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு காலையில் அவள் அப்பா அழைத்து, ரூபனுக்கு மேல் கொதிக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், நிறோசா உங்களை வரச்சொல்கிறாள் என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் பிள்ளை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் ஒன்றும் கேட்க முன்பே நிறோசா சொன்னாள்: "மிசின் வேணாம் டொக்டர். அவருக்கு நோகாமப் பாருங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு தாயாக நான் அந்த இடத்தில் மிசினில் போடுங்கள் என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. நோவுக்கு ஊசி போட்டார்கள். சளி இழுக்கிற குழாயை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை. நிறோசா பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவன் உதட்டை ஈரமாக்கிக்கொண்டே இருந்தாள். அடுத்த நாள் மத்தியானம், வார்டில் சோற்றுப் பார்சல்கள் வந்து சத்தமாக இருந்த நேரம், மூச்சு விட்டு விட்டு வந்தது. பிறகு வரவில்லை. உன் தம்பி செத்துப்போனான். போன வெள்ளிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தோம். அன்று காலை நீ என்னை அழைத்தாய். நான் பதில் சொல்லாததால், "ஆராதனையில இரிக்கிறீங்க போல, மறுகா எடுக்கிறன் அம்மா, கூறைச்சேலை வாங்கியாச்சா?" என்று செய்தி போட்டாய். அதை நான் வாசித்தபோது மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று எல்லாரையும் தடுத்தவள் நான்தான். அவனுடைய பெட்டியைத் தூக்க நீ இருக்கவில்லை. அது உனக்குக் கிடைக்கக்கூடாது என்று நான் நினைத்தேன். நீ சொல்லியிருக்க வேண்டிய ஒரு சொல்லை என் வாயால் சொல்லவைத்தாய். நான் சொன்னேன், என் பிள்ளை செத்தான். பத்து மாதம் சுமந்த வயிறு இப்போது எரிகிற எரிச்சல் உன் எந்த மிசினிலும் படமாக வராது.

நிறோசாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அடக்கம் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தாள். உன்னைத் திட்டுவாள், நானும் சேர்ந்து திட்டலாம் என்று காத்திருந்தேன். "மாமி, அத்தானுக்கு இப்ப சொல்ல வேணாம். கலியாணம் முடியட்டும். மாலையும் கழுத்துமா நிக்கக்குள்ள அவர் மனசு நோகக் கூடாது. அவர் நல்லதுக்குத்தான் செஞ்சவர்" என்றாள். என் கையைப் பிடித்து, சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன்.

அவள் நல்லவள். உன் மனது நோகாமல் இருக்க வேண்டும் என்று அவள் கெஞ்சினாள். உன் கல்யாணம் சனிக்கிழமை, இன்றைக்குப் புதன்கிழமை. அதற்கு முன்பே உனக்குத் தெரிந்துவிட வேண்டும் என்றுதான் சத்தியத்தை மீறி இதைப் போனில் படம் எடுத்து இப்போதே அனுப்புகிறேன்.

அம்மா